டச்சுக் கூட்டுப் பெயர்ச்சொற்கள்: எங்கே வெட்டுவது, எங்கே அழுத்துவது

டச்சுக்காரர்கள் இரண்டு மூன்று பெயர்ச்சொற்களை இடைவெளியே விடாமல் ஒட்டி ஒரே சொல்லாக எழுதுவார்கள். நகராட்சியிலிருந்து வரும் ஒரு கடிதத்தைப் பிரித்தாலே இருபது இருபத்தைந்து எழுத்துச் சொற்கள் வரிசையாக நிற்கும். புதிதாகப் படிக்கிற தமிழர்கள் அந்தச் சொல்லை இடப்பக்கத்திலிருந்து எழுத்துக்கூட்டி, அசை அசையாக வாசித்து, எல்லா அசைக்கும் ஒரே பலம் கொடுத்து முடிப்பார்கள். எதிரே இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. ஒவ்வொரு ஒலியும் ஏறக்குறையச் சரியாக இருந்தாலும் புரியாது.

காரணம் வேலையின் வரிசை. அசை பிரிப்பதற்கு முன்பே சொல் எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஒட்டுமிடத்தை மூட்டு என்று சொல்கிறேன். மூட்டு தெரிந்தால் அசை பிரியும். அசை பிரிந்தால் அழுத்தம் எங்கே என்பது தெரியும். தலைகீழாகப் போனால் மூன்றும் தப்பும்.

1. தொடங்குமுன் வேண்டியவை

எளிய டச்சுப் பெயர்ச்சொற்கள் சில நூறாவது தெரிந்திருக்க வேண்டும். வீடு, தெரு, வண்டி, நோய், பணம், பள்ளி மாதிரியானவை. துண்டுகளை அடையாளம் காணத் தெரியாதவருக்கு எந்த விதியும் உதவாது. முதல் வாரத்தில் இருப்பவர்கள் இதைத் தள்ளிவைத்துவிட்டுச் சொற்களைச் சேர்ப்பது நல்லது.

ஒரு பென்சிலும் உங்களுக்கு வந்த உண்மையான கடிதம் ஒன்றும் வேண்டும். பாடநூலில் உள்ள சொற்கள் அடக்கமானவை. கடிதத்தில் இருப்பவைதான் வாழ்க்கையில் வாயில் வரவேண்டியவை.

குறிகளைப் பற்றி: நெடுங்கோடு | மூட்டைக் காட்டும். சிறு கோடு - அசையைக் காட்டும். மேற்குறி ' அதற்கு அடுத்து வரும் அசையில் முதன்மை அழுத்தம் என்று காட்டும். டச்சு ஒலிகள் எல்லாம் தமிழ் எழுத்துக்குள் அடங்காது. தொண்டையை உரசி வரும் ஒலிக்கு ஃக என்று எழுதுகிறேன். எஃகு என்பதில் வருவதைவிட இது கரகரப்பானது. எழுத்துகளின் பெயர்களை ஆங்கில முறைப்படி எழுதுகிறேன். யு, ஐ (ui) என்ற இரண்டு எழுத்தும் சேர்ந்து தரும் ஒலிக்கு ஔய். உதட்டைக் குவித்தபடி சொல்லுங்கள். ஐ-ஜே, ஈ-ஐ ஆகிய இரண்டு கூட்டுக்கும் எய். அழுத்தமில்லாத ஈ எழுத்து வாயைப் பாதி திறந்து சொல்கிற மங்கிய அ ஆகும். அதையும் அ என்றே எழுதி, தேவைப்படும் இடத்தில் மங்கியது என்று சொல்கிறேன்.

2. வலது பக்கத்திலிருந்து மூட்டைத் தேடுங்கள்

கூட்டுச் சொல்லின் தலை வலது ஓரத்தில் இருக்கிறது. தமிழிலும் அப்படித்தான், மரப்பெட்டி என்றால் பெட்டி. ஸீகன்ஹௌய்ஸ் என்ற சொல்லின் கடைசித் துண்டு ஹௌய்ஸ் (வீடு), முன்னால் இருப்பது நோயாளிகள். ஆக மருத்துவமனை.

சொல்லின் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். தெரிந்த சொல் ஒன்று தட்டுப்பட்டதும் அதற்கு முன் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மிச்சம் இருப்பதும் ஒரு சொல்லா என்று பாருங்கள். பிறகு இரண்டையும் சேர்த்தால் பொருள் வருகிறதா என்று பாருங்கள். இந்த இரண்டு சோதனையும் முடியாமல் கோட்டை உறுதி செய்ய வேண்டாம்.

வலமிருந்து வருவதில் இன்னொரு லாபம் உண்டு. பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் சுட்டு ட-வா ஹெட்-டா என்பதைக் கடைசித் துண்டே தீர்மானிக்கிறது. வீடு ஹெட் ஹௌய்ஸ் என்பதால் மருத்துவமனையும் ஹெட்தான். துறை, சேவை எனப் பொருள்படும் டீன்ஸ்ட் ட எடுக்கும். அதனால் வரித்துறையும் ட.

முதலில் தட்டுப்படும் சொல்லோடு நின்றுவிடுவது இந்தப் படியின் பெரிய தவறு. வல்கௌய்ல் என்ற சொல்லில் பின்னோக்கி வந்தால் முதலில் அகப்படுவது ஔய்ல், அதாவது ஆந்தை. மிச்சம் வல்க், வல்லூறு. இரண்டும் உண்மையான சொற்கள். ஆனால் வல்லூறு ஆந்தை என்று ஒன்று இல்லை. இன்னும் ஓர் எழுத்து இடப்பக்கம் போனால் கௌய்ல் (குழி), அதற்கு முன் வல் (விழுதல்). விழ வைக்கும் குழி, பொறிக்குழி. பொருள் சோதனை இல்லாமல் இது பிடிபடாது.

சில சொற்கள் எழுத்தளவில் உண்மையிலேயே இரட்டை. டெய்க்|ரம்ப் என்று வெட்டினால் கடல் அணை உடையும் பேரழிவு, டெய்|க்ரம்ப் என்று வெட்டினால் தொடைப் பிடிப்பு. க்வர்ட்|ஸ்லா-ஃகன் கால் திருப்பங்கள், க்வர்ட்ஸ்|லா-ஃகன் படிகக்கல் அடுக்குகள். டச்சுக்காரர்களே இவற்றை வைத்து வேடிக்கை செய்வார்கள். இங்கே சுற்றியுள்ள வாக்கியம்தான் தீர்ப்புச் சொல்லும்.

சொல்லுக்கு நடுவே இணைப்புக்கோடு இருந்தால் மூட்டை அவர்களே காட்டிவிட்டார்கள் என்று பொருள். இரண்டு உயிரெழுத்துகள் மோதி வேறு ஒலியாக வாசிக்கப்படும் ஆபத்து இருந்தால் கோடு போடுவார்கள். கார் விபத்து என்ற சொல்லில் 'ஔ-டோ|ஒன்-ஃக-லுக் என்று ஓ எழுத்துகள் இரண்டு சந்திக்கின்றன. அதனால் நடுவில் கோடு.

3. நடுவில் நிற்கும் எழுத்து இடப்பக்கத் துண்டுக்குச் சொந்தம்

பல கூட்டுச் சொற்களில் இரண்டு துண்டுக்கும் நடுவே எஸ், ஈ, ஈ-என் ஆகியவற்றில் ஒன்று நிற்கும். வலத்துண்டு சுத்தமாகத் தொடங்க வேண்டும். இணைப்பு எழுத்து எப்போதும் இடப்பக்கம் போகும். நகரப் பூங்கா 'ஸ்டட்ஸ்|பர்க். ஸ்டட்|ஸ்பர்க் என்று வெட்டினால் இல்லாத ஒரு சொல் பிறக்கும். புத்தக அலமாரி 'பூ-கன்|கஸ்ட், குளிர்கண்ணாடி 'ஸொ-ன|ப்ரில்.

ஈ-என் எழுத்தில் இருந்தாலும் பேச்சில் பெரும்பாலும் என் எழுத்து கேட்காது, மங்கிய அ மட்டும்தான் கேட்கும். புத்தக அலமாரி பேச்சில் 'பூ-க|கஸ்ட் ஆகிவிடும். அந்த என் எழுத்தை அழுத்தமாகச் சொல்பவர்கள் வாசிக்கிற மாதிரித் தோன்றுவார்கள். தப்பில்லை, ஆனால் அதை வலிந்து பழக வேண்டியதும் இல்லை. குளிர்கண்ணாடியின் முதல் துண்டான சூரியன் மாதிரி ஒன்றே ஒன்று உள்ள பொருளுக்கு என் எழுத்தைப் போடுவதே இல்லை என்பது எழுத்து விதி. காதுக்கு இரண்டும் ஒன்று.

4. ஒவ்வொரு துண்டையும் தனியாக அசை பிரியுங்கள்

மூட்டுக்கு இருபுறமும் உள்ள துண்டுகளை வேறு வேறு சொற்களாக நினைத்துக்கொள்ளுங்கள். துண்டுக்குள் விதி எளிது. இரண்டு உயிருக்கு நடுவே ஒரு மெய் இருந்தால் அது வலப்பக்கம் போகும்: அறை என்ற சொல் கா-மர். இரண்டு மெய் இருந்தால் ஆளுக்கொன்று: கடை வின்-கல். மூன்று இருந்தால், ஒரு டச்சுச் சொல்லின் தொடக்கத்தில் வரக்கூடிய கூட்டு சேர்ந்து வலப்பக்கம் போகும்: சன்னல் வென்-ஸ்டர். இவ்வளவு போதும்.

இந்த விதியை மூட்டைத் தாண்டி ஓட விடாதீர்கள். குடும்ப மருத்துவர் என்ற சொல்லை மூட்டுப் பார்க்காமல் பிரித்தால் ஹௌய்-ஸர்ட்ஸ் வரும். அது தவறு, ஹௌய்ஸ்|அர்ட்ஸ் என்பதுதான் சரி. வரியின் கடைசியில் சொல்லை உடைத்து எழுதும்போதும் இதே சட்டம்தான், மூட்டுக்கே முதலுரிமை. எழுத்தில் மட்டும் ஒரு கூடுதல் கட்டுப்பாடு உண்டு: ஓர் எழுத்தைத் தனியாக வரியின் ஓரத்தில் விடக்கூடாது. இரவுணவு என்ற சொல்லின் காதுக்கேற்ற பிரிப்பு ஆ-வொண்ட்|ஏ-டன். ஆனால் ஆவுக்குப் பின் வரியை உடைக்க மாட்டார்கள்.

இரட்டை மெய்யைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழில் கனி வேறு, கன்னி வேறு. இரட்டித்தால் நாம் உண்மையிலேயே இரட்டிப்போம். டச்சில் இரட்டை எழுத்து, முன்னால் உள்ள உயிர் குறில் என்று காட்டுவதற்காக மட்டுமே எழுதப்படுவது. எழுத்தில் பிரித்தால் ஒரு என் இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம். வாயில் ஒரே ஒரு ன். அப்பம் மாதிரியான அந்தத் தட்டை இனிப்பு 'ப-ன|கூக், பன்னக்கூக் அல்ல. தமிழர்களின் டச்சை ஒரே நொடியில் அடையாளம் காட்டுவது இந்த இரட்டிப்பு என்பது என் அனுபவம்.

5. மூட்டில் தமிழ் நாக்கை அடக்குங்கள்

எல்லாப் படியிலும் அதிக நேரம் எடுப்பது இதுதான். நமக்குப் புணர்ச்சி ரத்தத்தில் ஊறியது. இரண்டு சொற்கள் சந்தித்தால் ஏதாவது தோன்றும், திரியும், கெடும். டச்சு மூட்டில் அவற்றில் ஏறக்குறைய எதுவும் நடக்கக்கூடாது. டச்சுக்கே உரிய வேறு சில மாற்றங்கள் நடக்கும்.

முதல் பழக்கம், மெய்யின் மேல் உயிர் ஏறுவது. தமிழ், அரசு இரண்டும் சேர்ந்தால் தமிழரசு. அதே வேகத்தில் பல் மருத்துவரை டண்டர்ட்ஸ் என்று உருட்டிவிடுகிறோம். டச்சில் 'டண்ட்|அர்ட்ஸ். முதல் துண்டு முடிந்ததும் நாக்கு ஒரு கணம் நிற்க வேண்டும். தொண்டையில் சின்னத் தடை விழுந்தாலும் நல்லதுதான், வடக்கே பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். வேகமாகப் பேசும்போது அவர்களுக்கும் அந்த ட் அடுத்த அசையோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் அது மென்மையாவதில்லை.

இந்த மென்மைதான் இரண்டாவது பழக்கம். தமிழில் மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினம் தானாகவே குழைந்துவிடும். பண்டம், சங்கு, தம்பி எல்லாவற்றிலும் அப்படியே. டச்சில் ஒரு துண்டின் கடைசியில் டி (d) எழுதியிருந்தால் அது டீ (t) எழுத்தின் கடினமான ட் ஆகவே ஒலிக்கும். பி (b) என்று எழுதியது கடினமான ப் ஆகும். நடுவில் இருந்தாலும் மூட்டுக்கு முன் இருந்தால் அது கடைசிதான். பல் என்ற சொல் டி எழுத்தில் முடிகிறது, காதுக்குக் கடினமான ட். நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் எய்ண்ட்ஹோவன் நகரத்தின் பெயரிலும் டி எழுத்து இருக்கிறது. உள்ளூர்க்காரர் வாயில் அது கடினமான ட். எழுத்தைப் பார்த்துக் குழைத்துச் சொன்னால் அவர்கள் காதில் உடனே தட்டும்.

இந்தப் பழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு இலங்கைத் தமிழே சாட்சி. அலுவலகம் என்று பொருள்படும் டச்சுச் சொல் கன்-'டோர், நடுவில் கடினமான ட். அது நம் வாயில் கந்தோர் ஆனது: மெல்லினத்துக்குப் பின் வந்த ஒலி குழைந்துவிட்டது. கக்கூசு இன்னும் சுவையானது. கக்|ஹௌய்ஸ் என்ற கூட்டுச் சொல்லின் மூட்டு அழிந்து, ஹ காணாமல் போய், ஓரத்தில் ஓர் உகரமும் ஏறிவிட்டது.

அந்த உகரம் மூன்றாவது பழக்கம். மெய்யில் முடிந்தால் நம் நாக்கு ஓய்வெடுக்க ஓர் உ தேடும். பஸ்ஸு, பேங்க்கு என்போம். சைக்கிள் பாதை 'ஃபீட்ஸ்|பட், இரண்டு அசை. அதை ஃபீட்ஸுபட்டு என்று நான்காக்குவதைக் கேட்டிருக்கிறேன். அசை கூடினால் தாளம் மாறும்; தாளம் மாறினால் கேட்பவர் அழுத்தத்தை வேறு இடத்தில் தேடுவார். மேசையில் விரலால் தட்டி எண்ணுங்கள். எழுதிய பிரிப்பைவிட ஒரு தட்டு கூடினால் உகரம் புகுந்திருக்கிறது.

நான்காவது, உடம்படுமெய். பிறப்புச் சான்றிதழ் ஃக-'போர்-ட|அக்-ட. இரண்டு உயிர் சந்திக்கும் இடத்தில் யகரமோ வகரமோ நுழைய விடாதீர்கள். ஃகபோர்டயக்ட என்று சொன்னால் மூட்டு மறைந்துவிடும். ஐந்தாவது, வல்லினம் மிகுதல். ஓட்டுநர் உரிமம் 'ரெய்|ப-வெய்ஸ். நடுவில் உள்ளது குழைந்த பகரம். ரெய்ப்பவெய்ஸ் என்று மிகுந்தால் அது வேறு எழுத்து.

இனி டச்சு தானே செய்யும் மாற்றங்கள். குழைந்த பகரமோ குழைந்த டகரமோ வலத்துண்டைத் தொடங்கினால், அதற்கு முன் நிற்கும் கடின ஒலி தானும் குழையும். கால்பந்து 'வூட்|பல், அதில் ட் குழைந்துவிடும். கைக்குட்டை 'ஸக்|டூக், அதில் க் குழைந்துவிடும். இந்த இரண்டு இடத்தில் மட்டும் தமிழ் நாக்குக்கு அனுமதி உண்டு. மாறாக, வலத்துண்டு வி எழுத்தில் தொடங்கி முன்னால் கடின ஒலி நின்றால் வி கடினமாகி ஃப ஆகும்: வீட்டுக் குப்பை 'ஹௌய்ஸ்|ஃபௌய்ல். ஒரே ஒலி இருபக்கமும் வந்தால் ஒன்றுதான் கேட்கும்: துவாலை என்ற சொல்லில் டி இரண்டு, வாயில் 'ஹண்|டூக். ஊர்த்தெரு என்பதில் எஸ் இரண்டு, வாயில் 'டொர்ப்|ஸ்ட்ராட்.

6. இடத்துண்டின் சொந்த அழுத்தத்தைக் கண்டுபிடியுங்கள்

கூட்டுப் பெயரின் முதன்மை அழுத்தம் இடத்துண்டில் விழும். எல்லோரும் இதைப் படித்திருப்பார்கள். ஆனால் பாதிப் பேர் இதை "முதல் அசையில் விழும்" என்று நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். அது வேறு விதி, தவறான விதி. இடத்துண்டு தனியாக நிற்கும்போது எந்த அசையில் அழுத்தம் வாங்குமோ அதே அசைதான் கூட்டிலும் வாங்கும்.

ப-, ஃக-, வர்- என்று மங்கிய அகரத்தில் தொடங்கும் முன்னொட்டுகள் அழுத்தம் வாங்குவதில்லை. அதனால் வரித்துறை ப-'லஸ்-டிங்|டீன்ஸ்ட், நகராட்சிக் கட்டிடம் ஃக-'மேன்-ட|ஹௌய்ஸ், வசிப்பு அனுமதி வர்-'ப்லெய்ஃப்ஸ்|ஃபர்-ஃகு-னிங். புதிதாக வருபவர்களுக்கு அன்றாடம் தேவைப்படும் அரசாங்கச் சொற்களில் பல இந்த வகை. எல்லாவற்றையும் முதல் அசையில் அழுத்தினால் எல்லாமே தப்பு.

பிரெஞ்சு, லத்தீன் வழி வந்த சொற்களில் அழுத்தம் பின்னால் தள்ளியிருக்கும். நிலையச் சதுக்கம் ஸ்டா-'ஷொன்ஸ்|ப்லெய்ன், அலுவலகக் கட்டிடம் கன்-'டோர்|ஃக-பவ், இசைப் பள்ளி மு-'ஸீக்|ஸ்ஃகோல், காவல் நிலையம் போ-'லீ-ட்ஸீ|ப்யூ-ரோ. ஆகவே இந்தப் படியின் வேலை: வலத்துண்டைக் கையால் மறையுங்கள், இடத்துண்டைத் தனியாகச் சொல்லுங்கள், அழுத்தம் எங்கே என்று கேளுங்கள், பிறகு கையை எடுங்கள்.

மூட்டைத் தப்பாக வெட்டினால் அழுத்தமும் தானாகத் தப்பும் என்பதற்கு ஒரு சொல். மசாஜ் செய்யும் படுக்கை ம-'ஸா-ஷ|பெட். அதே எழுத்துகளை வேறு இடத்தில் வெட்டினால் 'ம-ஸா|ஃக-பெட், பெருங்கூட்டத்தின் பிரார்த்தனை. அழுத்தம் நகர்கிறது, ஒரே எழுத்து ஓரிடத்தில் ஷ, இன்னோரிடத்தில் ஃக. பிசியோதெரபி அறையின் கதவில் இந்தச் சொல்லைப் பார்த்துக் குழம்பாதவர்கள் குறைவு.

7. அழுத்தத்தைக் குரலால் போடுங்கள், நீட்டிப் போடாதீர்கள்

அழுத்துங்கள் என்று சொன்னால் தமிழர் உயிரை நீட்டுவார். டச்சில் நீளம் பொருளை மாற்றும். மன் என்றால் ஆண், மான் என்றால் நிலா. அழுத்த வேண்டுமென்று 'டண்ட் என்பதை டாண்ட் ஆக்கினால் பல் காணாமல் போகும். குரலைச் சற்று மேலே ஏற்றி, மூச்சைக் கூட்டிச் சொல்லுங்கள். குறில் குறிலாகவே இருக்கட்டும்.

அதோடு வலத்துண்டை விழுங்கிவிடாதீர்கள். ஆங்கிலம் வழியாக டச்சுக்கு வருபவர்கள் இதில் சறுக்குகிறார்கள். ஆங்கிலத்தில் கூட்டின் பின்பாதி பல சொற்களில் மங்கிப்போகும். டச்சில் நாட்டின் பெயரே 'நே-டர்|லண்ட். கடைசித் துண்டின் அகரம் முழு அகரம். வலத்துண்டுக்கும் அதன் சொந்த அழுத்தம் இரண்டாம் பலத்தில் மிஞ்சியிருக்கும். மங்குவது ஈ எழுத்தின் அந்த மங்கிய அகரம் மட்டுமே.

இரண்டாம் அழுத்தம் வீண் அலங்காரம் அல்ல. செர்ரித் தக்காளி 'கெர்ஸ்|டோ-மாட். தக்காளி தனியாக டோ-'மாட் என்பதால் இரண்டாம் பலம் மாட் மேல். சிறிய தக்காளி என்று சொல்ல ஒரு விகுதி சேர்த்தால், அந்தச் சொல்லைக் கிறிஸ்துமஸ் பாட்டிக்குட்டி என்றும் வெட்டலாம். அப்போது பாட்டி 'ஓ-மா என்பதால் இரண்டாம் பலம் ஓ மேல் ஏறும். முதன்மை அழுத்தம் இரண்டிலும் ஒரே இடம். தக்காளியா பாட்டியா என்பதை இரண்டாம் அழுத்தம்தான் சொல்கிறது.

8. நீளமான சொல்லில் இதே வேலையைத் திரும்பச் செய்யுங்கள்

நான்கு துண்டு இருந்தாலும் புது விதி எதுவும் வேண்டாம். முதலில் ஆகப் பெரிய மூட்டை, அதாவது வலது ஓரத் தலைக்கு முன்னால் உள்ளதைக் கண்டுபிடியுங்கள். இடப்பக்கம் மிஞ்சியது இன்னும் கூட்டாக இருந்தால் அதை மறுபடியும் வெட்டுங்கள்.

நோய்ச் செலவுக் காப்பீடு என்பதை எடுப்போம். வலப்பக்கம் காப்பீடு: வர்-'ஸே-க-ரிங். மிச்சம் நோய்ச் செலவு; அதற்குள் ஒரு மூட்டு: 'ஸீக்-ட|கொஸ்-டன். முழுச் சொல் 'ஸீக்-ட|கொஸ்-டன்|வர்-ஸே-க-ரிங், எட்டு அசை. முதன்மை அழுத்தம் ஆக இடதில் உள்ள ஸீக். காப்பீட்டின் ஸே அடுத்த பலம். கொஸ் அதற்கும் கீழே. ரிங் தவிர மற்றவை மங்கும்.

சொல்லிப் பழகும்போது வலது ஓரத்திலிருந்து கட்டுங்கள்: காப்பீடு மட்டும், பிறகு செலவுக் காப்பீடு, பிறகு முழுதும். ஒவ்வொரு முறையும் முதன்மை அழுத்தம் இடப்பக்கம் தாவுவது காதுக்குக் கேட்கும். இடமிருந்து தொடங்கினால் மூச்சும் நம்பிக்கையும் நடுவழியில் தீர்ந்துவிடும்.

பல் மருத்துவரின் உதவியாளர் 'டண்ட்|அர்ட்ஸ்|அ-ஸிஸ்-டென்-ட நல்ல பயிற்சிச் சொல். உயிரில் தொடங்கும் துண்டு இரண்டு, கடின ஒலியில் முடியும் துண்டு இரண்டு. ஐந்தாம் படியில் சொன்ன பலவற்றை ஒரே மூச்சில் சோதித்துவிடும்.

9. அடங்காத சொற்களைத் தனியாக எழுதிவையுங்கள்

விதியை நன்றாகப் பிடித்தவர்தான் இங்கே தடுக்குகிறார். முதல் வாரத்திலேயே இந்தப் பட்டியலைப் படிக்க வேண்டாம்.

பெயரடையும் பெயரும் சேர்ந்த சொற்றொடர் காலப்போக்கில் ஒரே சொல்லாக எழுதப்பட்டால், சொற்றொடரின் அழுத்தமே நிற்கும், அதாவது வலப்பக்கம். அடையாளம், பெயரடையின் ஓரத்தில் நிற்கும் மங்கிய அ. உயர்கல்விக் கல்லூரி ஹோ-ஃக|'ஸ்ஃகோல், சிவப்பு முட்டைக்கோசு ரோ-ட|'கோல், வரைபடம் ப்ல-ட|'ஃக்ரொண்ட், குடல்வால் பகுதி ப்லின்-ட|'டர்ம். அந்த மங்கிய அ இல்லாத பெயரடை வழக்கமான விதிக்கு அடங்கும்: புளித்த முட்டைக்கோசு 'ஸ்யூர்|கோல். காய்கறிக் கடையில் இரண்டு கோசும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், அழுத்தம் மட்டும் எதிரெதிர்ப் பக்கம். ஆனால் குளிர்கண்ணாடியில் வரும் மங்கிய அ பெயரடைக்குரியதல்ல, வெறும் இணைப்பு. அங்கே அழுத்தம் இடப்பக்கம்தான்.

காரணம் தேடாமல் மனப்பாடம் செய்ய வேண்டியவை: நகர மன்றக் கட்டிடம் ஸ்டட்|'ஹௌய்ஸ், கீரைக்கோசு பூ-ரன்|'கோல், நகரத் தலைவர் புர்-ஃக|'மேஸ்-டர். நகராட்சிக் கட்டிடத்துக்கு இடப்பக்க அழுத்தம், நகர மன்றத்துக்கு வலப்பக்கம். ஒரே கட்டிடத்துக்கு இரண்டு பெயரும் வழங்கலாம்.

கிழமையும் பொழுதும் சேர்ந்தால் பெரும்பாலும் பொழுதில் அழுத்தம்: திங்கள் மாலை மான்-டஃக்|'ஆ-வொண்ட். திசை சேர்ந்த மாகாணப் பெயர்களில் இரண்டாம் துண்டில்: நோர்ட்|'ஹொ-லண்ட். டம் என்று முடியும் ஊர்கள் பெரும்பாலும் கடைசியில்: அம்-ஸ்டர்-'டம், ரொ-டர்-'டம், ஸ்ஃகீ-'டம், வோ-லன்-'டம். ஆனால் எல்லா ஊரும் அப்படியல்ல. 'எய்ண்ட்|ஹோ-வன் இடப்பக்கம் அழுத்துகிறது. ஊர்ப்பெயரை ரயில் அறிவிப்பில் கேட்டுப் பழகுவதுதான் பத்திரமான வழி.

ஒரே எழுத்தில் அழுத்தம் மாறிப் பொருள் மாறும் சொல் ஒன்று எல்லா விண்ணப்பத்திலும் இருக்கிறது. 'வோர்|நாம் என்றால் முதற்பெயர். வோர்-'நாம் என்றால் கண்ணியமான, உயர்ந்த இடத்து என்ற பெயரடை. படிவத்தில் கேட்பது முதலாவது.

10. அகராதியோடு ஒப்பிடுங்கள்

அசைக்கு டச்சு மொழி ஒன்றியத்தின் அதிகாரபூர்வச் சொற்பட்டியலைப் பாருங்கள். பச்சைப் புத்தகம் என்று வழங்கும் அது இணையத்தில் இலவசம். சொல்லைப் புள்ளி வைத்துப் பிரித்துக் காட்டும். அது வரி உடைக்கும் பிரிப்பு என்பதை மறக்க வேண்டாம். இரட்டை மெய் அங்கே இருபக்கமும் நிற்பதைப் பார்த்து இரட்டித்துவிடாதீர்கள்.

அழுத்தத்துக்கு டச்சு விக்சனரியின் ஒலிக்குறிப்பு உதவும். மேற்குறி அழுத்தம் பெறும் அசைக்கு முன்னால் நிற்கும், பின்னால் அல்ல. இதை மாற்றிப் படித்து, வாரக்கணக்கில் தவறான அசையை அழுத்திப் பழகியவர்களைப் பார்த்திருக்கிறேன். கீழே நிற்கும் சின்னக் குறி இரண்டாம் அழுத்தம். நீங்கள் தேடும் நீளமான கூட்டுச் சொல் அகராதியில் இல்லாமல் போகலாம். டச்சுக்காரர்கள் புதுக் கூட்டுகளை நினைத்த நேரத்தில் செய்துகொள்வார்கள். அப்போது இடத்துண்டை மட்டும் தேடுங்கள், அழுத்தம் அங்கேதான் கிடைக்கும்.

எழுதும்போது துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விடாதீர்கள். அந்தப் பிழையை அவர்கள் ஆங்கில நோய் என்று கேலி செய்வார்கள். நீங்களே எழுதிய சொல்லை இரண்டாகப் பார்த்துப் பழகினால் வாயும் இரண்டுக்கும் சம அழுத்தம் கொடுக்கும். பென்சில் கோடு பயிற்சித் தாளில் இருக்கட்டும். விண்ணப்பத்தில் ஒரே சொல்லாக எழுதுங்கள்.